மலை மந்தியும் கடல் மணியும்

குரங்கணி என்ற பெயரைக் கேட்டதுமே குரங்குகளின் நினைவு வருவது இயல்பு. போடிநாயக்கனூரிலிருந்து மலையை நோக்கி ஏறக்குறைய 15 கிலோமீட்டர் சென்றால் வரும் சிற்றூர் அது. முன்னாளில் மூணாற்று மலைத்தோட்டங்களின் தேயிலை, டாப் ஸ்டேஷன் என்னும் முகட்டிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி இறங்கி வந்தது இந்த அடிவாரத்துக்குத்தான். 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் மூண்ட காட்டுத்தீயில், மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது இவ்வூரின் பெயர் நாடெங்கும் துயரத்தோடு பேசப்பட்டது. அத்துயரை நாம் மறந்தோமில்லை. எனினும் இன்று உங்களோடு பேச வந்தது வேறொன்று பற்றி.

சில திங்களுக்கு முன் பங்குக் குடும்பங்கள் சிலவற்றோடு நாமும் குரங்கணிக்குச் சென்றிருந்தோம். விடியற்காலை. பனி இன்னும் விலகவில்லை. மேலே சோலைக் காட்டிலிருந்து "ஊ... ஊ..." என்று தொண்டை அதிர ஒரு குரல் எழுந்தது. மலை முழுவதும் அது எதிரொலித்தது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். எம்முடன் வந்த முதியவர், ஏலத்தோட்டத்தில் நாற்பது ஆண்டு வேலை பார்த்தவர், அவர்களை அடக்கினார்.

"சத்தம் போடாதீங்க தம்பி. அது கருமந்தி. மனுசரைக் கண்டா மறைஞ்சிரும்."

சற்று நேரத்தில் கிளைகளுக்கிடையே கரிய உருவங்கள் நான்கைந்து தெரிந்தன. ஒன்றின் மார்பில் செம்பழுப்பு நிறக் குட்டியொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் கண் இமையாது பார்த்தோம். அப்போது ஏழாம் வகுப்பில் படிக்கும் சிறுவன் ஒருவன் எம்மிடம் கேட்டான்:

"தாத்தா, இந்தக் குரங்கு இல்லாமப் போயிட்டா நமக்கு என்ன நட்டம்?"

அவன் தந்தை அவனை அதட்டினார். ஆனால் கேள்வி தவறானதன்று. பெரியவர்கள் பலர் மனத்துக்குள் கேட்டுக்கொண்டு, வெளியே சொல்லக் கூசுவதை அவன் வாய்விட்டுக் கேட்டுவிட்டான். அன்று எம்மிடம் ஆயத்தமான விடை இருக்கவில்லை. வீடு திரும்பிய பின் அக்கேள்வி எம்மை விடவில்லை. அதற்கு விடை தேடியபோது, மலையில் கண்ட இந்த உயிரோடு, கடலில் யாரும் காணாத வேறோர் உயிரும் எம் நினைவில் வந்து நின்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

மலையில் வாழ்பவர்

முதலில் கருமந்தியைப் பார்ப்போம். நீலகிரி மந்தி என்றும், கருங்குரங்கு என்றும் இதனை அழைப்பர். தலையும் உடலும் சேர்ந்து இரண்டு அடி அளவு. வால் அதனினும் நீளம். உடல் முழுதும் பளபளக்கும் கருமை. தலைமுடி மட்டும் பழுப்பு. பெண்ணின் தொடையின் உட்புறத்தில் வெண்மையான திட்டு ஒன்று இருக்கும். குட்டி செம்பழுப்பு நிறத்தில் பிறந்து, சில வாரங்கள் கழிந்த பின்னரே தாயின் கருமையை அடைகிறது. பொதுவாக ஒரு பேற்றில் ஒரே குட்டி.

உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. குடகு மலைக்குத் தெற்கே தொடங்கி, கன்னியாகுமரிக்கு அருகேயுள்ள ஆரல்வாய்மொழிக் கணவாய் வரை நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையே இதன் முழு உலகம். காட்டில் வாழ்பவை எல்லாம் சேர்ந்தே இருபதாயிரத்தைத் தாண்டா என்பது மதிப்பீடு. நம் நடுத்தர நகரம் ஒன்றின் சில வார்டுகளில் வாழும் மக்கள் தொகைதான் இது.

இதன் விஞ்ஞானப் பெயரில் 'ஜானி' என்னும் சொல் உண்டு. அது தரங்கம்பாடிக் கடற்கரையில் வாழ்ந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்னும் லுத்தரன் மறைப்பணியாளரின் நினைவாக வந்த பெயர். மறைப்பணியோடு கடல் மீன்களையும் பாம்புகளையும் திரட்டி ஐரோப்பிய அறிஞர்க்கு அனுப்பியவர் அவர். மலைமேல் வாழும் குரங்கு, கடலோரத்தில் வாழ்ந்த ஒருவரின் பெயரைச் சுமப்பது விந்தையன்றோ!

இதன் உணவில் பெரும்பகுதி இலை. தளிர், மொட்டு, பூ, விதை, பழம் ஆகியவையும் உண்டு. இலையை மட்டும் தின்று வாழ்வது எளிதன்று. இலையின் நாரைச் செரிக்கும் ஆற்றல் எந்தக் குரங்கின் வயிற்றுக்கும் தானாக இல்லை. ஆகவே பசுவின் வயிற்றைப் போலப் பல அறைகளாகப் பிரிந்த இரைப்பை இதற்கு அமைந்துள்ளது. அவ்வறைகளில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவையே இலையைப் புளிக்கவைத்து, மந்திக்கு ஏற்ற உணவாக மாற்றித் தருகின்றன. அவை இல்லையேல், வயிறு நிறைய இலை தின்றும் மந்தி பட்டினி கிடந்து சாகும்.

கடலில் வாழ்பவர்

இனி மலையிலிருந்து கடலுக்கு இறங்குவோம். கரையோரக் கலங்கல் நீர் அன்று. கரையை விட்டு வெகுதொலைவில், அரபிக்கடலின் நடுவிலும் வங்கக்கடலின் ஆழ்பரப்பிலும் உள்ள தெளிந்த நீலநீர். மீனும் அதிகமில்லை, பாசியும் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால், இந்நீரை ஒரு பாலைவனம் என்றே அறிஞர்கள் நீண்ட காலம் எண்ணியிருந்தனர்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சாலி சிசோம் என்னும் பெண்மணியும், ராபர்ட் ஓல்சன் முதலிய உடன் ஆய்வாளரும் 1980-களின் நடுவில் ஒரு கருவியைக் கப்பலில் ஏற்றிச் சென்றனர். இரத்த அணுக்களை லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு எண்ணும் கருவியின் இனம் அது. கடல்நீரை அதில் செலுத்தியபோது, மிக நுண்ணிய துகள்கள் செந்நிற ஒளியைத் தெறிக்கவிட்டன. பச்சையம் உள்ள உயிரன்றி வேறெதுவும் அவ்வாறு ஒளிராது. அதுவரை எவரும் அறியாத ஓர் உயிரினம் அது என்பதை 1988-இல் அவர்கள் உலகுக்கு அறிவித்தனர். பின்னர் அதற்குப் புரோகுளோரோகாக்கஸ் என்று பெயரிடப்பட்டது. 'ஆதிப் பச்சை மணி' என்பது அப்பெயரின் பொருள். பச்சை ஏலக்காயை மணி மணியாகத் தரம் பிரித்துப் பழகிய போடி மக்களுக்கு இப்பெயர் பிடிக்கும் என்று எண்ணுகிறோம்.

இந்தப் பச்சை மணியின் அளவு என்ன தெரியுமா? ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 1,600 மணிகளை வரிசையாக நிறுத்தலாம். ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும் உயிர்களுள் இதனினும் சிறியதை இதுவரை எவரும் கண்டதில்லை. வெப்பக்கடலின் ஒரு தேக்கரண்டி நீரில் இவை ஐந்து லட்சம் வரை இருக்கக்கூடும். உலகக் கடல்கள் அனைத்திலும் உள்ளவற்றை மதிப்பிட்டால், 3 என்னும் எண்ணை எழுதி அதன்பின் 27 சுழிகள் இடவேண்டும். கண்ணுக்குத் தெரியாத இத்துகள், கடலின் பச்சை உயிர்கள் அனைத்தும் ஓராண்டில் ஆக்கும் உணவில் ஏறத்தாழ எட்டரை விழுக்காட்டைத் தானே ஆக்குகிறது என்பது 2013-இல் வெளியான கணக்கு.

உலகின் பச்சை உயிர்கள் ஆண்டுதோறும் வெளிவிடும் பிராணவாயுவில் ஏறக்குறையப் பாதி கடலில் பிறக்கிறது. காடுகளையே நாம் உலகின் நுரையீரல் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதில் தவறில்லை, ஆனால் அது பாதி உண்மை. மற்றப் பாதி, பெயர் தெரியாத கோடானுகோடி கடல் உயிர்களின் உழைப்பு.

எது உயர்ந்தது?

இவ்விரண்டையும் அருகருகே நிறுத்தி, எது உயர்ந்தது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் தயங்காமல் மந்தியையே காட்டுவோம். அதற்குக் கண் உண்டு, கை உண்டு, குட்டியை அணைக்கும் மார்பு உண்டு. நம் முகச்சாயலும் அதனிடம் உண்டு. பாக்டீரியா என்றாலோ நமக்கு நோய்தான் நினைவில் வருகிறது.

எண்ணிக்கையைக் கொண்டு அளந்தால் தீர்ப்பு மாறிவிடுகிறது. மந்தி ஆயிரங்களில் அடங்கும். பச்சை மணி எண்ணில் அடங்காது. மந்தித் தாய் ஆறு திங்களுக்கு மேல் வயிற்றில் சுமந்து, பின்னும் பல திங்கள் பாலூட்டி ஒரு குட்டியை ஆளாக்குகிறாள். பச்சை மணியோ ஏறக்குறைய நாளுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது. அப்படியானால் கடல் முழுவதும் அதுவே நிறைந்துவிடாதா? நிறைவதில்லை. ஒவ்வொரு நாளும் பிறக்கும் அளவுக்கு ஏறத்தாழ ஈடாக, அதனை உண்ணும் நுண்ணுயிர்களுக்கும் வைரசுகளுக்கும் இரையாகி மறைகிறது. அது பலர்க்கு அன்றாட உணவு.

உடலை அமைக்கும் கட்டளைகளைக் கொண்டு அளந்தால் என்ன? உயிர் ஒவ்வொன்றின் உள்ளும் அதனை அமைப்பதற்கான கட்டளைகள் ஒருவகை எழுத்தால் எழுதப்பட்டுள்ளன. அக்கட்டளைகளையே மரபணுக்கள் என்கிறோம். 2003-இல் படித்து முடிக்கப்பட்ட பச்சை மணி வகை ஒன்றில் எழுத்துகள் ஏறக்குறைய 16 லட்சத்து 60 ஆயிரம்; மரபணுக்கள் ஏறத்தாழ 1,700. ஒரு பக்கத்துக்கு 2,000 எழுத்து என்று அச்சிட்டால் 830 பக்க நூல் ஒன்றில் அது அடங்கும். குரங்கினத்துக்கும் நமக்கும் எழுத்துகள் ஏறத்தாழ 300 கோடி. அதே அளவில் அச்சிட்டால் 15 லட்சம் பக்கம்! ஆனால் மரபணுக்கள் என்று பார்த்தால் நமக்கு உள்ளவை 20,000 அளவே. நாம் நாள்தோறும் உண்ணும் நெல்லுக்கோ 30,000-க்கு மேல் உண்டு. ஆகவே மரபணு எண்ணிக்கையில் நெற்பயிரிடம் நாம் தோற்கிறோம். இந்த அளவுகோலும் உயர்வு தாழ்வை நிறுத்துக் காட்டுவதாய் இல்லை.

எனவே, எது உயர்ந்தது என்ற கேள்வியை விடுத்து, இவ்விரண்டும் எப்படி வாழ்கின்றன என்று கேட்டுப் பார்ப்போம். அப்போது நாம் எதிர்பாராத ஓர் ஒற்றுமை வெளிப்படுகிறது.

இருவரும் இழந்தது

1498-இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். மலைநாட்டின் மிளகும் நறுமணப் பொருளுமே அவரை அழைத்து வந்தன. திரும்பும் வழியில் காற்று துணை செய்யாமற்போகவே, ஆப்பிரிக்கக் கரையை அடைய அரபிக்கடலிலேயே ஏறக்குறைய மூன்று திங்கள் அலைந்தார்கள். மாலுமிகளின் ஈறுகள் வீங்கின, கால்கள் பருத்தன, பலர் நடுக்கடலில் மாண்டனர். ஸ்கர்வி என்னும் நோய் அது. பழமும் காயும் இன்றி, உலர்ந்த ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியுமே உண்டு வாழ்ந்ததன் விளைவு. உடலுக்குத் தேவையான வைட்டமின் 'சி' அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் அத்தகைய கப்பல்களில் எலிகளும் இருந்தன. அவற்றுக்கு ஸ்கர்வி வருவதில்லை. ஏன்? எலி, ஆடு, பசு, நாய் முதலிய விலங்குகள் வைட்டமின் 'சி'-யைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. நம்மால் அது இயலாது. அதனை ஆக்கும் மரபணு நம்மிடம் உடைந்துபோய்க் கிடக்கிறது. ஏறத்தாழ ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் வழியில் அது பழுதடைந்தது என்பர். நமக்கு மட்டுமன்று, கருமந்தி உள்ளிட்ட குரங்கினம் முழுவதற்கும் அதே நிலை. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களின் காடுகளில் வாழும் தேவாங்கின் குலம் மட்டும் அதற்கு முன்னரே வேறு கிளையாகப் பிரிந்துவிட்டதால் அந்த ஆற்றலை இழக்கவில்லை.

ஆயினும் கருமந்திக்கு ஸ்கர்வி வருவதில்லை. ஏனெனில் அது நாள்தோறும் உண்ணும் தளிரிலும் பழத்திலும் அந்தச் சத்து நிறைந்துள்ளது. தன்னால் ஆக்க முடியாததை மரம் ஆக்கித் தருகிறது. மரம் உள்ளவரை மந்திக்குக் குறையில்லை. மரத்தை எடுத்துவிட்டால், கோடி ஆண்டுகளாக மறைந்து கிடந்த அந்தக் குறை வெளிப்பட்டுவிடும்.

இப்போது கடலுக்கு வருவோம். கதிரவனின் ஒளி கடல்நீரின் மேற்பரப்பில் படும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் பொருள் சிறிது சிறிதாக உண்டாகிறது. புண்ணைக் கழுவ மருத்துவமனையில் ஊற்றுவார்களே, நுரைத்துக்கொண்டு வருமே, அதே பொருள். நுண்ணுயிர்க்கு அது நஞ்சு. ஆகவே ஒளியில் வாழும் பாக்டீரியாக்கள் பல, அந்நஞ்சை முறிக்கும் கேட்டலேஸ் என்னும் பொருளைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. ஆனால் ஒளியை நம்பியே வாழும் நம் பச்சை மணியிடம் அந்த மரபணு இல்லை! அதுவும் தன் முன்னோர் வழியில் எங்கோ அதனை இழந்துவிட்டது.

அப்படியானால் எவ்வாறு பிழைக்கிறது? ஆய்வுக்கூடத்தில் அதனைத் தனியே பிரித்துச் சிறு தொகையாக வளர்க்க முயன்றபோது அது மடிந்தது. கடலின் வேறு சில பாக்டீரியாக்களை அதனோடு சேர்த்து விட்டபோது செழித்தது. அந்த அண்டை அயலார் தம் பாதுகாப்புக்காக நஞ்சை முறிக்கும்போது சுற்றியுள்ள நீரே தூய்மையாகிறது. அந்த நிழலில் பச்சை மணி வாழ்கிறது. அதற்கு ஈடாக, ஒளியால் தான் ஆக்கும் உணவில் ஒரு பகுதி அதன் உடலிலிருந்து கசிந்து நீரில் கலக்கிறது. அயலார் அதனை உண்டு வாழ்கின்றனர். மோரிஸ், லென்ஸ்கி, சின்சர் ஆகிய மூவர் 2012-இல் இவ்வுறவை ஒரு பொதுவிதியாகவே எடுத்துரைத்தனர்.

மலையில் ஒரு தாய் மந்தி, கடலில் ஒரு துகள். ஒன்றையொன்று ஒருநாளும் கண்டதில்லை. ஆயினும் இருவரின் கதையும் ஒன்றே. இருவரும் ஓர் ஆற்றலை இழந்தனர். இழந்ததைத் தருபவர் அருகில் இருந்தமையால் அழியாது வாழ்கின்றனர். நாமும் இவ்வகையில் அவர்களோடு சேர்ந்தவர்களே. காலையில் நாம் கடிக்கும் நெல்லிக்காய்த் துண்டு, நம் குலத்தின் பழைய குறை ஒன்றை நிறைவு செய்கிறது என்பதை எத்தனை முறை எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

இலைக்குள் ஒரு கடல்

உறவு இதனோடு முடியவில்லை. மந்தி தின்னும் இலை ஏன் பச்சையாக உள்ளது? இலையின் ஒவ்வோர் அணுவுக்குள்ளும் பசுங்கணிகம் என்னும் நுண்ணிய பச்சை உருண்டைகள் உள்ளன. ஒளியைப் பிடித்து உணவாக்குபவை அவையே. அவற்றை ஆராய்ந்தபோது, அவற்றுக்குள் தனியே ஒரு சிறு மரபுச்சுருள் இருப்பதும், அது பாக்டீரியாவின் எழுத்தை ஒத்திருப்பதும் தெரிய வந்தன. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, ஒளியில் வாழ்ந்த பாக்டீரியா ஒன்று வேறோர் அணுவுக்குள் புகுந்து, அங்கேயே தங்கிக் குடும்பமாகிவிட்டது என்றும், அதன் வழிவந்தவையே இன்றைய இலைகளின் பசுங்கணிகங்கள் என்றும் அறிவியல் கூறுகிறது.

அந்தப் பாக்டீரியாவும் கடலின் பச்சை மணியும் ஒரே குலம். ஆகவே போடி மலையின் ஏலச்செடி இலையிலும், கருமந்தி கொறிக்கும் தளிரிலும், நம் வீட்டு முருங்கைக் கீரையிலும் உள்ள பச்சை, நடுக்கடல் மணிக்கு உறவு. மலையையும் கடலையும் நாம்தான் இரண்டாகப் பிரித்துப் பேசுகிறோம்.

இரண்டுக்கும் வந்த இடர்

கருமந்திக்கு நேர்ந்த இடர் நாம் அறிந்ததே. சோலைக் காடுகள் தோட்டங்களாயின. 'கருங்குரங்கு ரசாயனம்' என்ற பெயரில், நோய் தீர்க்கும் என்று நம்பி இதன் இறைச்சியை மருந்தாக விற்றனர். இதற்காகவே வேட்டையாடப்பட்டவை எண்ணில. எம்முடன் வந்த முதியவரும், "அந்தக் காலத்துல அடிச்சாங்க ஐயா, அதான் இன்னும் நம்மளப் பாத்தா பயம்" என்றார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்வேட்டையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இன்று வேட்டையைவிடக் காடு துண்டு துண்டாவதே பெரும் இடர். மரத்துக்கு மரம் தாவிச் செல்லும் உயிருக்கு, கிளைகள் தொடர்ந்து கோத்திருந்தால்தான் வழி உண்டு.

இங்கே ஏல விவசாயிகளைப் பற்றி ஒரு சொல். ஏலம் வெயிலைத் தாங்காத பயிர். மர நிழலின்றி விளையாது. ஆகவே மரங்களை முற்றாக அழித்துச் செய்யப்படும் பயிர்களைக் காட்டிலும், ஏலத்தோட்டம் காட்டுயிர்க்கு ஓரளவேனும் இடம் தருகிறது. நிழல் மரத்தை அளவோடு கவாத்து செய்து, நாட்டு மரங்களையே நட்டுக் காக்கும் விவசாயி, தன் பயிரோடு மந்தியின் பாதையையும் காக்கிறார். அவர் பூவுக்குத் தேனீ வேண்டும்; தேனீக்குக் காடு வேண்டும். அவரும் ஒரு சங்கிலியின் கண்ணியே.

கடலின் பச்சை மணிக்கோ இடர் நேர்வதை எவரும் காண்பதில்லை. ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழகத்தார் 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கடையில் தரும் பிளாஸ்டிக் பை முதலியவற்றிலிருந்து நீரில் கசியும் வேதிப்பொருள்களில் பச்சை மணியை வளர்த்துப் பார்த்தனர். அதன் வளர்ச்சி குன்றியது. பிராணவாயு ஆக்கும் ஆற்றலும் குறைந்தது. 2025-இல் வெளியான மற்றோர் ஆய்வு, பசிபிக் கடலில் பல ஆண்டுகள் அளந்தறிந்த செய்தியைத் தந்தது. நீரின் வெப்பம் 28 பாகை செல்சியசைத் தாண்டும்போது பச்சை மணி பெருகும் வேகம் தாழ்கிறது. வெப்பத்தை விரும்பும் உயிர், கடல் சூடானால் பெருகும் என்று எண்ணியிருந்தோர்க்கு இது எச்சரிக்கை. வறண்ட நீரில் சிக்கனமாக வாழ்வதற்காகத் தன் மரபணுக்கள் பலவற்றைக் கைவிட்ட உயிர் அது. புதிய இடர் வரும்போது எடுத்துப் பயன்படுத்த அதனிடம் சேமிப்பு இல்லை.

2015 மே 24-ஆம் நாளிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் இதனையே சுட்டிக்காட்டினார். பாலூட்டிகளும் பறவைகளும் அழிவது கண்ணுக்குத் தெரிவதால் நம்மைக் கலங்கச் செய்கிறது. ஆனால் பூஞ்சையும் பாசியும் புழுவும் எண்ணற்ற நுண்ணுயிரும் இன்றி இயற்கையின் நடைமுறை ஒழுங்காக நடவாது என்பது அவர் உரைத்த கருத்து. கண்டு இரங்குவது நல்லது. காணாததற்கும் இரங்கக் கற்பது அதனினும் நல்லது.

சிறுவனுக்கு விடை

குரங்கணியில் சிறுவன் கேட்ட கேள்விக்கு வருவோம். இந்தக் குரங்கு இல்லாமற்போனால் நமக்கு என்ன நட்டம்?

தம்பி, உண்மையைச் சொன்னால், அது மறைந்த மறுநாளும் போடியில் சந்தை கூடும்; ஏலம் விலை போகும்; பேருந்து ஓடும். நமக்கு நட்டம் தெரியாது. கடலில் பச்சை மணி ஒரு பங்கு குறைந்தாலும் அன்று மாலை நமக்கு மூச்சு முட்டாது. காற்றில் உள்ள பிராணவாயு நெடுங்காலச் சேமிப்பு. அது ஒரு நாளில் தீராது. நட்டம் உடனே தெரியாது என்பதே இதிலுள்ள ஆபத்து. மாலுமிகளுக்கும் கப்பல் ஏறிய முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை. பழம் தீர்ந்து பல வாரம் கழிந்த பின்னரே ஈறு வீங்கியது. அப்போது சுற்றிலும் கரையே இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 'நமக்கு என்ன நட்டம்' என்று கேட்கும்போது, நாம் எவர் தயவும் இன்றித் தனித்து நிற்பவர்கள் என்று எண்ணிக்கொள்கிறோம். அவ்வாறு தனித்து நிற்கும் உயிர் மலையிலும் இல்லை, கடலிலும் இல்லை. உன்னுள்ளும் உடைந்த மரபணு ஒன்று கிடக்கிறது. யாரோ ஆக்கித் தருவதைக் கொண்டுதான் நீயும் வளர்கிறாய். தருபவர்களை எண்ணிக் கணக்கெடுக்கும் முன் எவரையும் வேண்டாதவர் என்று தள்ளிவிடாதே.

அன்று மாலை நாங்கள் இறங்கி வரும்போது, கொட்டகுடி ஆற்றின் பாறை இடுக்குகளில் வெறும் தண்ணீர்ப் புட்டிகளும் தின்பண்ட உறைகளும் சிக்கிக் கிடந்தன. 2019 சனவரி முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை உண்டு. எனினும் அவை மலையேறி வந்துவிடுகின்றன. அந்த ஆற்றுநீர் வைகையோடு சேர்வது. வைகை கிழக்குக் கடலை நோக்கிச் செல்வது. மந்தியின் அடியில் நாம் எறிவது, மணியின் வீட்டுக்குச் செல்லும் வழியில் கிடக்கிறது.

அச்சிறுவன் ஒன்றும் பேசவில்லை. தன் தாயிடமிருந்த துணிப்பையை வாங்கிக்கொண்டு பாறைக்கு இறங்கினான். மற்றப் பிள்ளைகளும் பின்தொடர்ந்தனர். பை நிறைந்த பின் நாங்கள் பேருந்துக்குப் புறப்பட்டோம்.

அன்புக் குடும்பங்களே, அடுத்த விடுமுறையில் மலைக்குப் போகும்போது துணிப்பையும் வீட்டுத் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். கரும்பாறை போல அசையாது அமர்ந்திருக்கும் கருமந்தியைப் பிள்ளைகளுக்குத் தொலைவிலிருந்து காட்டுங்கள்; தின்பண்டம் எறியவேண்டாம். கடற்கரைக்குப் போகும்போதும் சற்று நின்று, அந்த நீலத்துக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத பச்சை மணிகள் நமக்காகவும் உழைக்கின்றன என்று சொல்லுங்கள். ஒரே நாளில் இரண்டையும் புரிந்துகொள்ளும் ஆற்றல் பிள்ளைகளுக்கு உண்டு. பெரியவர்களாகிய நாமும் அவர்களோடு சேர்ந்து கற்போமாக!